கார் வரும் வரை

காதல் படம் என்றால் முதல் பத்து நிமிடத்திலேயே இவர்கள் இருவரும் எப்படியாவது சேர்ந்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொள்ளும் ரகம் நான். அப்படிப்பட்ட எனக்கே அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்த படங்களில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. காதலை வாய்விட்டுச் சொல்லும் காட்சி, அதாவது எதற்காக இரண்டு மணி நேரம் காத்துக்கிடந்தோமோ அந்தக் காட்சி, பெரும்பாலும் ஒன்றுமே செய்யாமல் கடந்துபோய்விடுகிறது. வசனம் நன்றாக இருக்கிறது, நடிப்பில் குறையில்லை, பின்னணி இசை பொங்குகிறது; தொண்டை மட்டும் அடைக்கவில்லை. அதே படத்தில் அரை மணி நேரம் முன்னால், ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் விளக்கை அணைத்துவிட்டு ஒரு நொடி நின்று பார்த்தாரே, அங்கே அடைத்தது. மறுபடி ஓட்டிப் பார்த்தால் ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. சொல்லும் காட்சியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தொண்டையை அடைத்த காட்சியில் ஒருவர்தான் பார்க்கிறார். பார்க்கப்படுகிறவருக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும்.

இதை வள்ளுவர் ஷாட் பிரித்தே வைத்திருக்கிறார். குறிப்பறிதல் அதிகாரத்தின் 1094ஆவது குறளில் அவன் பார்க்கும்போது அவள் நிலத்தைப் பார்க்கிறாள், அவன் பார்க்காதபோது அவனைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள். இதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. இதைச் சொல்பவனே அவன்தான். அவன் பார்க்காதபோது அவள் பார்த்தாள் என்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது? கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். கவிதையில் அந்தக் கடைக்கண் செய்யும் வேலையை சினிமாவில் கேமரா செய்கிறது. இருவருக்கும் தெரியாத ஒன்றைத் தெரிந்துவைத்திருக்கும் மூன்றாவது ஆளாக நம்மை அது அங்கே நிறுத்திவிடுகிறது. காதல் படம் பார்ப்பதன் சுகமே அந்த மூன்றாவது ஆளாக இருப்பதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'பிஃபோர் சன்ரைஸ்' (1995) படத்தில் இந்தக் குறள் அப்படியே நடக்கிறது. வியன்னாவில் ஒரு இசைத்தட்டுக் கடை. பாட்டைப் போட்டுக் கேட்டுப் பார்ப்பதற்கென்று உள்ளே இருக்கும் ஒடுக்கமான அறையில் ஈத்தன் ஹாக்கும் ஜூலி டெல்ப்பியும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். கேத் ப்ளூம் பாடிய பாட்டு ஓடுகிறது. அவன் அவளைப் பார்க்கிறான். அவள் திரும்பும்போது கண்ணை எடுத்துவிடுகிறான். அவள் பார்க்கிறாள், அவன் திரும்புகிறான். ஒரு நிமிடத்துக்கும் மேல் ஒரு வார்த்தை கிடையாது, ஒரு கட் கிடையாது. இங்கே கட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவன் பார்ப்பதற்கு ஒரு க்ளோசப், அவள் பார்ப்பதற்கு ஒரு க்ளோசப். கதை புரிந்துவிடும், ஆனால் தவறிப்போன அந்தக் கணம் காணாமல் போய்விடும். இரண்டு பார்வைகளும் மயிரிழையில் தவறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு முகங்களும் ஒரே சட்டகத்தில் இருந்தே ஆக வேண்டும். இடம் குறுகலாக இருக்க வேண்டும், விலகிப்போக வழியிருக்கக் கூடாது. இருவரும் கேமராவைப் பார்த்தபடி நிற்க வேண்டும், அப்போதுதான் கழுத்து லேசாகத் திரும்பினாலும் அது பார்ப்பவருக்குச் செய்தியாகும். நேரக்கணக்கும் பிசகக் கூடாது. ஒருவர் கண்ணை எடுத்து வெகுநேரம் கழித்து மற்றவர் திரும்பினால் ஒத்திகை பார்த்துச் செய்ததுபோல இருக்கும். பாதியில் கண்கள் ஒருமுறை நேராகச் சந்தித்துவிட்டாலோ ஆட்டமே முடிந்துவிடும்.

கேட்பவர் முகம்

அப்படியானால் காதலைச் சொல்லும் காட்சியையே எடுக்கக் கூடாதா? எடுக்கலாம். அங்கே யார் முகத்தைக் காட்டுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இருவர் பேசும் காட்சி என்றால் ஒருவர் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்து மற்றவரை எடுக்கும் சஜஷன் ஷாட் இரண்டு, தனித்தனி க்ளோசப் இரண்டு, பிறகு பேசுகிறவர் மேல் படம் என்பதுதான் வழக்கமான வெட்டு. சண்டைக் காட்சிக்கும் கணக்கு வழக்குப் பேசும் காட்சிக்கும் அது போதும். "நீ இல்லாமல் என்னால் முடியாது" என்று ஒருவன் சொல்லும்போது அவன் முகத்தில் புதிதாக என்ன இருக்கப்போகிறது? வசனமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. செய்தி முழுக்கக் கேட்கிறவள் முகத்தில் இருக்கிறது. அந்த வரியை அவள் எதிர்பார்த்தாளா, பயந்தாளா, தாமதமாகிவிட்டது என்று நினைக்கிறாளா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். நல்ல எடிட்டர்கள் குரலை ஓடவிட்டுப் படத்தை முன்கூட்டியே கேட்பவர் மேல் கொண்டுபோய்விடுவார்கள். ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். எட்டுப் பத்து ஃப்ரேம் முன்னால் வெட்டினாலே, அதாவது அரை நொடிக்கும் குறைவாக முந்தினாலே, காட்சியின் குணம் மாறிவிடும். வசனம் முடிந்த பிறகுதான் வெட்டுவேன் என்று பிடிவாதமாக இருந்தால் ஒவ்வொரு கட்டும் முற்றுப்புள்ளியில் போய் விழும். அவர் பேசினார், இவர் பேசினார் என்று பந்து அங்கும் இங்கும் போய்வருவதைப் பார்ப்பதுபோல ஆகிவிடும்.

கேட்கிறவர் அங்கே அதிகம் எதுவும் செய்யக் கூடாது. எச்சில் விழுங்குவது, இமைக்க மறப்பது, சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்துவது, அவ்வளவு போதும். கேமராவுக்கும் அங்கே வேலை இருக்கிறது. 85 எம்.எம். போன்ற நீள லென்ஸைப் போட்டு முகத்துக்கு நெருக்கமாக எடுத்தால் பின்புலம் கரைந்து அந்த முகம் மட்டும் மிஞ்சும். பார்வை லென்ஸை ஒட்டி இருந்தால் அந்த அன்பு நம்மைப் பார்த்துச் சொல்லப்படுவதுபோல இருக்கும்; அதிகம் விலகிப் பக்கவாட்டுக்குப் போய்விட்டால் யாரோ இரண்டு பேர் பேசுவதை எட்டி நின்று பார்ப்பதுபோல ஆகிவிடும். கண்மணியில் ஒரு புள்ளி வெளிச்சம் விழ வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக நடித்தாலும் கண் செத்துப்போய்த் தெரியும். மங்கலான அறைகளில் எடுத்த சில படங்களில் நாயகி அழுகிறாள் என்பது குரலை வைத்துத்தான் தெரிகிறது. அந்தப் புள்ளிக்காக ஒரு சின்ன விளக்கு வைத்திருக்கலாமே என்று ஏக்கமாக இருக்கிறது.

பேச்சே இல்லாமல் இதைச் சாதித்தவர் சார்லி சாப்ளின். 'சிட்டி லைட்ஸ்' (1931) வந்தபோது உலகம் பேசும் படத்துக்கு மாறிவிட்டிருந்தது. அவர் மௌனமாகவே எடுத்தார். பார்வையற்ற பூக்காரப் பெண் ஒரு நாடோடியைப் பணக்காரன் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். வசனம் இல்லாமல் அதை எப்படிக் காட்டுவது? அந்தக் காட்சிக்கு அவர் 342 டேக் எடுத்ததாகக் கணக்கு இருக்கிறது. கடைசியில் கிடைத்த விடை ஒரு கார்க் கதவு. சாலையைக் கடக்க வழியில்லாமல், அங்கே நின்றிருக்கும் ஒரு காருக்குள் ஏறி அந்தப் பக்கமாக இறங்குகிறான் நாடோடி. கதவு சாத்தும் சத்தம் அவளுக்குக் கேட்கிறது, நமக்குக் கேட்பதில்லை. சத்தமில்லாத படத்தில் ஒரு சத்தத்தின் மேல் மொத்தக் காதலையும் கட்டியிருக்கிறார். அதனால்தான் முடிவில், பார்வை வந்த பிறகு அவள் அவனைக் கண்ணால் அடையாளம் காண்பதில்லை. இரக்கப்பட்டுக் காசு கொடுக்கும்போது அவன் கையைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்கிறாள். விரல்கள் அவன் கையில் ஒரு கணம் நின்றுவிடுகின்றன, பிறகு சட்டை வழியாக மேலே போகின்றன. அவள் முகத்தில் வருவது மகிழ்ச்சியா ஏமாற்றமா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

கையும் ஒரு முகம்தான். ஜோ ரைட்டின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' (2005) படத்தில் வண்டியேறும் எலிசபெத்துக்குக் கை கொடுத்துவிட்டு டார்சி திரும்பி நடக்கிறார். தொங்கும் அந்தக் கை மட்டும் க்ளோசப்பில் வருகிறது. ஐந்து விரலும் விரிந்து மடங்குகின்றன, சூடு பட்டதுபோல. அவ்வளவுதான் ஷாட். பின்னால் மழையில் நின்றபடி அவர் பேசும் நீண்ட வசனத்தைவிட இந்தக் கை அதிகம் சொல்லிவிடுகிறது. காரணம் பழையதுதான், அவள் அதைப் பார்க்கவில்லை. நாம் பார்த்தோம்.

இருட்டில் வரும் பாட்டு

'96' (2018) படத்தைத் திரும்பப் பார்க்கும்போது இந்தக் கோணத்தில் பிரேம்குமார் செய்திருக்கும் கட்டுமானம் பிரமிப்பாக இருக்கிறது. பள்ளிக் காலத்திலிருந்தே ராம் கேட்கும் பாட்டு 'யமுனை ஆற்றிலே'. ஜானு வேறு எல்லாப் பாட்டையும் பாடுவாள், அதை மட்டும் வேண்டுமென்றே பாட மாட்டாள். இது ஒருமுறை வந்தால் வேடிக்கை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வரும்போது நமக்குள்ளேயே ஒரு கடன் ஏறிக்கொண்டிருக்கிறது. 22 ஆண்டு கழித்து அவன் வீட்டில் மின்சாரம் போகிறது. இருட்டில், வாத்தியம் எதுவும் முந்திக்கொள்ளாமல், தனிக் குரலாக அந்தப் பாட்டு வருகிறது. அவன் தடுமாறி ஓடிவருகிறான். 'தளபதி' (1991) படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டு அது. கண்ணனுக்காகக் காத்திருக்கும் ராதையின் பாட்டு. காத்திருந்தவன் இவன், பாடுகிறவள் அவள்.

இங்கே இருட்டு வெறும் அழகுக்காக வந்ததில்லை. வெளிச்சம் இருந்திருந்தால் பாடும்போது அவள் அவன் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அவனும் எங்கே பார்ப்பது என்று தவித்திருப்பான். பார்வையை எடுத்துவிட்டால் குரல் ஒன்றுதான் மிச்சம், அந்தக் குரலைத் தேடித்தானே அவன் இத்தனை வருடம் இருந்தான். அகத்தியனின் 'காதல் கோட்டை' (1996) இதே தந்திரத்தைப் படம் முழுக்க நீட்டியது. கடிதத்திலேயே வளர்ந்த காதல்; நேரில் மோதிக்கொள்ளும் இருவருக்கும் தாங்கள் யார் என்று தெரியாது, பார்க்கும் நமக்கு மட்டும் தெரியும். ஒரு சுவெட்டர் அடையாளம் காட்டும் வரை தவிப்பு முழுக்க நம்முடையதுதான்.

தெருவில் நின்ற அந்தச் சில நொடிகள்

இத்தனையும் யோசிக்க வைத்தது 'பாஸ்ட் லைவ்ஸ்' (2023). செலின் சாங்கின் முதல் படம். சோலில் ஒன்றாகப் படித்த சிறுமியும் சிறுவனும் பிரிகிறார்கள். பன்னிரண்டு வருடம் கழித்துக் கணினித் திரையில் பேசிக்கொள்கிறார்கள், மறுபடி பிரிகிறார்கள். இன்னொரு பன்னிரண்டு வருடம் கழித்து, அவளுக்குத் திருமணமான பிறகு, அவன் நியூயார்க் வருகிறான். கிரேட்டா லீ, டேயோ யூ. அவர்கள் நேரில் சந்தித்து அணைத்துக்கொள்ளும் காட்சி படமாகும் வரை நடிகர்கள் இருவரும் ஒருவரையொருவர் தொடக் கூடாது என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். கணவனாக நடித்த ஜான் மகாரோவும் டேயோ யூவும் முதன்முதலாகச் சந்தித்ததே கேமராவுக்கு முன்னால்தான். அந்த அணைப்பில் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு தயக்கம் இருக்கிறது. நடிப்பில் அதை வரவழைப்பது கஷ்டம். தொடாமல் வைத்திருந்தால் தானாக வரும்.

ஆனால் இந்தப் படம் என்னை நிறுத்திவைத்த இடம் கடைசித் தெரு. அவனை வழியனுப்ப அவள் கூட நடக்கிறாள். கேமரா பக்கவாட்டில் அவர்களோடு நகர்ந்து, திரையில் இடப்பக்கமாகப் போகிறது. பிறகு நிற்கிறார்கள். வாடகைக் கார் வர வேண்டும். பேச்சு இல்லை, இசை முன்வந்து நிற்பதில்லை, க்ளோசப்புக்கு வெட்டுவதும் இல்லை. இரண்டு உடம்புகள் எதிரெதிரே நின்று பார்த்துக்கொள்கின்றன. இதுவரை நான் சொன்னதெல்லாம் இங்கே தலைகீழாகிறது. ஒருவர் பார்க்க மற்றவர் பார்க்காமல் இருப்பதில்தான் காதல் இருக்கிறது என்றேன். இங்கே இருவரும் கண்ணுக்குக் கண் பார்க்கிறார்கள், ஆனாலும் மூச்சு முட்டுகிறது. ஏன் என்று வெகுநேரம் பிடிபடவில்லை. பிறகுதான் புரிந்தது, அவர்கள் பார்வையில் கேள்வியே இல்லை. வழக்கமான காட்சியில் பார்வை பதில் கேட்கும்: சொல்வாயா, வருவாயா, முத்தமிடுவாயா? இங்கே பதில் ஏற்கெனவே தெரிந்தாகிவிட்டது. மிச்சமிருப்பது நேரம் மட்டும், அந்த நேரத்தின் நீளமும் அவர்கள் கையில் இல்லை. கார்க்காரன் கையில் இருக்கிறது. எந்த நொடியும் வெளிச்சம் திரும்பும் என்று அவர்களைப் போலவே நாமும் காத்திருக்கிறோம். கார் வரக் கூடாது என்று வேண்டுகிறோம். இனி வந்துவிட்டால் தேவலை என்றும் தோன்றுகிறது.

கார் வருகிறது. ஏறப்போகிறவன் அவளுடைய பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். ஒரு கணம் சிறுவயது இருவரும் திரையில் வந்து போகிறார்கள். இதுவே நம்முடைய முன்பிறவியாக இருந்தால், அடுத்ததில் நாம் யாராக இருப்போம் என்று கேட்கிறான். தெரியவில்லை என்கிறாள். எனக்கும் தெரியவில்லை, அப்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவள் வந்த வழியே, இப்போது திரையில் வலப்பக்கமாக, திரும்பி நடக்கிறாள். வாசற்படியில் கணவன் உட்கார்ந்திருக்கிறான். அங்கே போய்த்தான் அழுகிறாள். போனபோது நடந்த அதே தூரம் திரும்பி வரும்போதும் திரையில் இருக்கிறது. அதைப் பாதியில் வெட்டி நேராக வாசலுக்குப் போயிருந்தால் அந்த அழுகைக்கு இந்தக் கனம் வந்திருக்காது.

எங்கே கெட்டுப்போகிறது

இப்படி ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு மற்றவற்றைப் பார்த்தால் கெடுதல் எங்கே நடக்கிறது என்று பளிச்சென்று தெரிகிறது. முதல் குற்றவாளி ஆர்.ஆர். எனப்படும் பின்னணி இசை. உணர்ச்சி வருவதற்கு முன்னால் வயலின் வந்துவிடுகிறது. இசை எப்போதும் ஒரு அடி பின்னால் வர வேண்டும். நமக்குக் கண் கலங்கிய பிறகு வந்தால் துணை, முன்னால் வந்தால் உத்தரவு. செலின் சியாமாவின் 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர்' (2019) படத்தில் பின்னணி இசையே கிடையாது. கதைக்குள் யாராவது பாடினாலோ வாசித்தாலோதான் இசை. அப்படிப் பட்டினி போட்டுவிட்டுக் கடைசியில் அரங்கத்தில் விவால்டி ஒலிக்கும்போது அது வெள்ளம்போல இறங்குகிறது. ஒருத்தி எதிர் மாடத்திலிருந்து பார்க்கிறாள், பார்க்கப்படுகிறவள் கடைசிவரை திரும்புவதே இல்லை. இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஒரே முகம்.

அடுத்தது ஃப்ளாஷ்பேக். நாயகி நிற்கிறாள், உதடு நடுங்குகிறது, சரியாக அந்த நேரத்தில் முன்பு பார்த்த காட்சிகளையெல்லாம் மாண்டேஜாக ஓட்டிவிடுவார்கள். மறந்திருப்போம் என்ற பயம். மறந்திருந்தால் படம் ஏற்கெனவே தோற்றுவிட்டது. மறக்காதவர்களுக்கோ அந்த முகத்தைப் பார்க்க வேண்டிய நேரம் பறிபோகிறது. 'பாஸ்ட் லைவ்ஸ்' படத்திலும் சிறுவயது முகங்கள் வருகின்றன, ஆனால் ஒரு கணம்தான். நினைவூட்டுவதற்கும் நினைவு வந்து போவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

ஸ்லோ மோஷனை நான் வெறுக்கவில்லை. வோங் கார்-வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்' (2000) பார்த்தவர் யாரும் வெறுக்க முடியாது. ஆனால் அங்கே அது எதற்கு வருகிறது என்று கவனியுங்கள். தூக்கில் நூடுல்ஸ் வாங்கப் படியிறங்கும்போது வருகிறது, குறுகிய வழியில் ஒருவரையொருவர் கடக்கும்போது வருகிறது. அன்றாட வேலையை மெதுவாக்கினால், இவர்களுக்கு இதுதான் நாளின் பெரிய நிகழ்ச்சி என்று புரிகிறது. பெரிய நிகழ்ச்சியை மெதுவாக்கினால் வெறும் விளம்பரமாகிவிடுகிறது. பிரிவுக்கு அவர்கள் ஒத்திகை பார்க்கும் காட்சியில் ஒத்திகை என்று தெரிந்தே அவள் தேம்பி அழுகிறாள். உண்மையான பிரிவை அந்த அளவுக்குக் காட்டவே இல்லை.

முடிவைப் பற்றித்தான் எனக்குள்ளேயே சண்டை. சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பார்க்கிறேன், ஆனால் மனத்தில் தங்குவதெல்லாம் சேராதவைதான். இதற்கு ஒரு அபூர்வமான சோதனை நம்மிடம் இருக்கிறது. கௌதம் மேனன் ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு மொழியில் எடுத்தார். 'விண்ணைத்தாண்டி வருவாயா'வும் தெலுங்கில் 'ஏ மாய சேசாவே'யும் 2010 பிப்ரவரி 26ஆம் தேதி ஒன்றாக வெளியாயின. இரண்டுக்கும் ஏ.ஆர். ரஹ்மான் இசை. தெலுங்கில் சேர்கிறார்கள், தமிழில் இல்லை. தமிழில் அவர்கள் சேர்வது அவன் எடுக்கும் படத்துக்குள் மட்டும்தான். சேர்ந்த முடிவைப் பார்த்தபோது நிம்மதியாக இருந்தது, மறுநாளே அது மனத்தில் இல்லை. சேராத முடிவில், தான் எடுத்த படத்தை அவளுக்கே காட்ட வேண்டியிருக்கிறதே என்பது இன்னும் குடைகிறது. சோகம் உயர்ந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. நம் அகத்திணைக் கணக்கையே பாருங்கள். ஐந்தில் கூடலுக்கு ஒரே ஒரு திணை, குறிஞ்சி. பிரிதல், காத்திருத்தல், இரங்கல், ஊடல் என்று மிச்ச நான்கும் இருவரும் ஒன்றாக இல்லாத பொழுதுகளுக்கு. சேர்ந்த பிறகு பார்ப்பவருக்கு வேலை முடிந்துவிடுகிறது. சேராதபோதுதான் அந்த மூன்றாவது ஆள் படம் முடிந்தும் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறார்.

வில்லியம் வைலரின் 'ரோமன் ஹாலிடே' (1953) படத்தின் கடைசி இரண்டு நிமிடத்தை நேற்று மறுபடி போட்டுப் பார்த்தேன். இளவரசி நிருபர்களுக்குக் கை கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். எல்லோரும் கலைகிறார்கள். கிரிகரி பெக் மட்டும் போகவில்லை. பிறகு அந்த நீளமான மண்டபத்தில் தனியாக நடந்து வருகிறார், கைகள் பையில், கேமரா அவருக்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டே. தரையில் காலடிச் சத்தம் கேட்கிறது. வாசலை நெருங்கும்போது ஒருமுறை நின்று திரும்பிப் பார்க்கிறார். தூரத்தில் யாருமில்லை. அத்தனை முறை பார்த்திருந்தும், அவர் திரும்பும்போது நானும் அந்தக் கதவைத்தான் பார்த்தேன்.